லைஸ்டுங் எடுக்காத வீடு

யாகோப்புவின் கடையில் விலை கேட்பது லேசு. குறைக்க வைப்பதற்குத்தான் தவம் செய்யவேண்டும்.

ஜேர்மனியில், எசன் ஸ்டேஷனுக்குப் பின்புறம், ட்ராம் கிறீச்சென்று வளைகிற மூலையில், ஒரு துருக்கித் தையல்கடைக்கும் கைத்தொலைபேசி திருத்துகிற கடைக்கும் நடுவில் நெருக்கியடித்து நிற்கிறது அது. வாசலில் மரவள்ளிக்கிழங்கும் வாழைக்காயும். உள்ளே போகப் போகக் கறிவேப்பிலை மணம் கருவாட்டுக்கு இடம் விட்டு ஒதுங்கும். அந்தத்தில் மீன் வைக்கிற குளிர்பெட்டிகள். வியாழக்கிழமைகளில் புது மீன் வந்து இறங்கும். அன்றைக்குச் சுற்றுவட்டாரத் தமிழரில் பாதிப் பேர், ஏதோ தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர்கள் போன்ற முகத்தோடு உள்ளே வருவார்கள். உறைந்து கல்லாகக் கிடக்கிற அறக்குளா மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்க ஏலாதென்று தெரிந்தும் தூக்கிப் பார்ப்பார்கள்.

"யாகோப்பு அண்ணை, இது போன கிழமை மீனல்லோ?"

"போன கிழமை இது கடலுக்க நிண்டது அக்கா. உங்களைத்தான் விசாரிச்சதாம்."

"உந்தக் கதைக்கு ஒரு விலை குறைச்சுத் தாங்கோவன்."

"கதை சும்மா. மீனுக்குத்தான் விலை."

சொல்லிக்கொண்டே தடித்த கையுறையை மாட்டி, மீனை வாள் இயந்திரத்தில் கொடுப்பார். பனித்தூள் பறக்கும். துண்டுகள் எல்லாம் ஒரே பருமனில் விழும். வந்தவர் கேட்டதற்கு மேல் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு, தான்தான் பேரத்தில் வென்ற மாதிரி வெளியே போவார். யாகோப்புவின் தொழில் அப்படி.

கடைக்குப் பின்னால் ஒரு சமையலறை இருக்கிறது. அது அவருடைய மனைவி இமெல்டாவின் அரசாங்கம். உயிர்த்த ஞாயிறு முடிந்தால், பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற முதல்நன்மைக் காலம். வீட்டுக்கு வீடு கொண்டாட்டம், வீட்டுக்கு வீடு ரோல்ஸும் மீன் கட்லற்றும். சித்திரைக் கடைசியில் இமெல்டாவின் கை மாவுக்குள் போனால் வைகாசி முடியத்தான் வெளியே வரும். மனிதரோடு அவள் பேரம் பேசுவதில்லை. கேவெலார் மாதாவோடு மட்டும் பேசுவாள். ஆவணி யாத்திரைக்குப் போகிறபோது, இதைச் செய்து தா, நான் இதைச் செய்கிறேன் என்று நேருக்கு நேர் கேட்டு வைத்துவிட்டு வருவாள். அந்தக் கணக்கில் இரண்டு பக்கமும் இதுவரை ஏமாற்றியதில்லை.

அந்த வீட்டில் எல்லாச் சொல்லும் புழங்கும். வியாபாரம் செய்கிற வீட்டில் வாய்க்குப் பூட்டுப் போட முடியாது. ஆனால் ஒரு சொல்லுக்கு மட்டும் அனுமதி இல்லை. லைஸ்டுங்.

அகதியாக வந்த புதிதில் அரசாங்கம் கொடுத்த உதவிக்குக் கந்தோர்க்காரர் வைத்திருந்த பெயர் அது. அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு சொல்லும் வரும்: அன்ஸ்ப்ருக். உரிமை என்று அர்த்தம். "உங்களுக்கு லைஸ்டுங்குக்கு அன்ஸ்ப்ருக் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்" என்பார் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர். இந்தப் பக்கம் யாகோப்பு நிற்பார். கதிரை இருந்தாலும் நிற்பார். வேலை செய்ய விடமாட்டோம் என்று தாளில் எழுதிக் கொடுத்தவர்களே, ஏன் வேலை செய்யவில்லை என்பது போலப் பார்ப்பார்கள். மன்னார்க் கரையில் மீன் ஏலம் கூறிய வாய் அங்கே "பிட்டே" என்ற ஒற்றைக் கெஞ்சலோடு அடங்கி நின்றது. பிறகு அனுமதி வந்தது, வேலை வந்தது, கடை வந்தது. இனி உங்கள் லைஸ்டுங் வேண்டாம் என்று தானே போய்ச் சொல்லிவிட்டு வந்த நாளில் இமெல்டா புட்டு அவித்து மீன் சொதி வைத்தாள். அன்றோடு அந்தச் சொல் வீட்டைவிட்டு வெளியேறியது.

எவ்வளவுக்கென்றால், குளிர்பெட்டி விற்க வந்தவன் பெட்டியின் லைஸ்டுங் இத்தனை வாட் என்று பேச்செடுத்தபோது, "அது ஒண்டும் வேண்டாம், பெட்டி மட்டும் போதும்" என்று யாகோப்பு சொன்னாராம். இது கதிர்காமநாதன் பரப்பிய கதை. அவர் சொல்வதில் பாதியை நம்பினால் போதும்.

கதிர்காமநாதன் யாழ்ப்பாணத்தில் ஏலெவல் என்கிற உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோதே நாட்டைவிட்டுப் புறப்பட்டவர். அந்தப் பாதி ஏலெவலை, முழுப் பட்டமென்று மற்றவர்கள் எண்ணும்படி இத்தனை காலமும் பத்திரமாக வைத்திருக்கிறார். மகன் அனுஜன் ஹம்பேர்க்கில் வைத்தியம் படிக்கிறான். ஆகையால் எசனில் எந்தத் தமிழ்ப் பிள்ளை எந்தப் பாடம் எடுப்பதென்றாலும் இவரிடம் ஒரு வார்த்தை கேட்டாகவேண்டும். கேட்காவிட்டாலும் வரும்.

இந்தத் தடவை முறை மெலனியுடையது.

மெலனி யாகோப்புவின் ஒரே மகள். பதினோராம் வகுப்பு. மீன் பெட்டிக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் ஒரு சின்ன மேசையைப் போட்டுக்கொண்டு, குளிருக்கு ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு படிக்கிற பிள்ளை. டொக்டருக்குப் படிக்கவேண்டும் என்பது அவளும் தாய்தகப்பனும் ஒரே மனதாக நினைத்த ஒரு காரியம். வேறு எத்தனையோ விஷயத்தில் அந்த அதிசயம் நடந்ததில்லை. ஆனால் ஜேர்மனியில் வைத்தியப் படிப்புக்கு இடம் கிடைப்பதென்றால் பள்ளிக்கூடக் கடைசிச் சோதனையின் புள்ளிதான் விலை. ஒரு புள்ளி சறுக்கினால் அந்த இடம் வேறொருவருக்கு. பதினோராம் வகுப்பு முடிகிறபோது பாடங்களில் இரண்டை ஆழமாகப் படிக்கத் தேர்ந்தெடுக்கவேண்டும். அவற்றைப் பிள்ளைகள் எல்கா என்பார்கள். மற்றவை கேகா, சாதாரணம். எல்காவின் புள்ளி இரண்டு மடங்காக எண்ணப்படும். நன்றாகச் செய்தால் இரட்டை லாபம், சறுக்கினால் இரட்டை நட்டம். மெலனி ஒரு எல்காவாக உயிரியலை எடுத்துவிட்டாள். அதில் யாருக்கும் பேச்சில்லை. மற்ற எல்கா பௌதிகம் என்றாள். அதில்தான் கடை இரண்டாகியது.

புதன்கிழமை பின்னேரம். வெளியே வெயிலடித்துக்கொண்டே ஆலங்கட்டி விழுந்தது. சித்திரை மாதத்து எசன் வானம் விலை தீர்மானிக்காத வியாபாரி மாதிரி, நிமிடத்துக்கொரு கதை. கதிர்காமநாதன் தலையைத் துடைத்துக்கொண்டு வந்து, தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, அரிசி மூட்டையில் அமர்ந்தார்.

"பௌதிகத்தில ரெண்டு சாதி இருக்கு யாகோப்பு. ஒண்டு அட்சரகணிதத்தோட நிண்டுவிடும். எழுத்துக்குப் பதிலா இலக்கத்தைப் போடு, பெருக்கு, பிரி, விடை. அதுதான் கேகா. மற்றது வகையீடு, தொகையீடு எண்டு ஆளைப் பிழிஞ்சு தண்ணி எடுக்கும். அது எல்கா. நான் கேக்கிறன், டொக்டர் ஒராள் ஊசி போடுறதுக்கு வகையீடு என்னத்துக்கு?"

"அப்ப கேகாவில புள்ளி லேசா வரும் எண்டுறியள்?"

"கொட்டும். என்ர அனுஜன் என்ன செய்தவன்? லேசான ரெண்டை எல்காவாய் எடுத்தான். பௌதிகத்தைக் கேகாவில விட்டான். இண்டைக்கு வெள்ளைக் கோட்டுப் போடுறான்."

மேசையிலிருந்து தலை நிமிராமல் மெலனி சொன்னாள்: "அனுஜன் அண்ணாவோட கதைச்சனான் கதிர் மாமா. முதலாம் வருசப் பௌதிகச் சோதினையில ரெண்டு தரம் விழுந்தவராம்."

கதிர்காமநாதனுக்குத் தேத்தண்ணி புரையேறியது.

"அது... அந்தச் சோதினைத்தாள் பிழை."

"ரெண்டு தரமுமோ?"

யாகோப்பு மீன் பெட்டிப் பக்கம் திரும்பி நின்று சிரித்தார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"சரி பிள்ளை. நீ சொல்லு. எல்கா எடுத்தால் புள்ளி கூட வருமோ?"

"தெரியாதப்பா. குறையலாம்."

"குறையலாமோ?"

"ஓம். எங்கட வகுப்பில நான் முதலாள் இல்லை. கேகா எண்டால் நிச்சயம் நல்லா வரும். எல்கா எண்டால் சொல்லேலாது."

பொருளின் குறையைத் தானே எடுத்துச் சொல்லி விற்கிற பிள்ளை அந்தக் கடையில் எப்படிப் பிறந்ததென்பது எசன் தமிழருக்கு இன்றுவரை புதிர். ஆனால் யாகோப்பு அந்தப் பதிலை, நல்ல சரக்கைக் கையிலெடுத்தவர் மாதிரிப் புரட்டிப் பார்த்தார்.

"நாளைக்குப் பின்னேரம் உன்ர ரீச்சரைச் சந்திக்கத் தெர்மின் இருக்கெல்லே? நான் நேர கேட்டிட்டு வாறன்."

"நானும் வாறனப்பா."

"நீ ஏன்? மொழிபெயர்க்க ஆள் கூட்டிக்கொண்டு போற காலம் முடிஞ்சுது."

வியாழக்கிழமை மீன் இறங்குகிற நாளில் யாகோப்பு கடையை விட்டு வெளியே போவதென்பது பாப்பரசர் உரோமையை விட்டுப் போகிற மாதிரி. போனார். கையைத் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்து மூன்று தரம் மணந்து பார்த்தார். கல்யாணங்களுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டார். இமெல்டா மாவுக் கையோடு வாசல்வரை வந்து அவருக்குச் சிலுவை போட்டுவிட்டாள். கோட்டு முதுகில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது கடையில் சனம் குறைந்திருந்தது. கதிர்காமநாதன் அரிசி மூட்டையில். மெலனி மேசையில். யாகோப்பு உள்ளே வந்த நடையே வெற்றி நடை. கோட்டைக் கழற்றாமலே மீன் பெட்டியில் சாய்ந்துகொண்டார்.

"அந்தப் ப்ரிங்மன் ரீச்சர் நல்ல மனுசி. கோப்பி தந்தவ. முதல் உன்னைப் புகழ்ந்தவ. வலு கெட்டிக்காரியாம், நல்லாக் கேள்வி கேக்கிறியாம். பேந்துதான் மெல்ல விசயத்துக்கு வந்தா."

"என்ன சொன்னவ?" என்றாள் மெலனி.

"எல்கா, கேகா எண்டு ஒண்டும் சொல்லேல்லை. உன்னை லைஸ்டுங்கில போடப்போறாவாம்."

இமெல்டா சமையலறை வாசலில் வந்து நின்றாள். அந்தச் சொல் அந்த வீட்டில் விழுந்து எவ்வளவோ காலம்.

"என்னதுக்கு?" என்றாள் அவள்.

"அதைத்தான் நானும் யோசிச்சன். பிள்ளை பழைய ஜாக்கெட்டோட பள்ளிக்கூடம் போறாள், ஏழைப்பட்ட ஆக்கள் எண்டு நினைச்சிருப்பினம். ஏழைப் பிள்ளையளுக்கு அரசாங்கம் சும்மா ஏதோ கூர்ஸ் குடுக்கிறதெல்லே, அது. அன்ஸ்ப்ருக்கும் இருக்காம்! என்ர காதாலயே கேட்டனான், அன்ஸ்ப்ருக் எண்டு. நான் எழும்பிட்டன்."

எழும்பிய விதத்தை நிமிர்ந்து நின்று காட்டினார்.

"நான் சொன்னன், எங்களுக்கு லைஸ்டுங் வேண்டாம். எங்களுக்குக் கடை இருக்கு. அவ திகைச்சுப் போனா. மற்றத் தாய்தேப்பன் எல்லாரும் அதைத்தானே கேட்டு வருகினம் எண்டா. நான் சொன்னன், மற்றவை கேக்கட்டும், நாங்கள் எடுக்கிறேல்லை. அப்ப க்ருண்ட்கூர்ஸ் போதுமோ எண்டு கேட்டா. க்ருண்ட் எண்டால் நிலமெல்லே, அத்திவாரமெல்லே? அது நல்லது, அதைப் போடுங்கோ எண்டன். அப்பிடியே எழுதிப்போட்டா. கைகுடுத்திட்டு வந்திட்டன்."

மெலனியின் பேனை மேசையில் உருண்டு கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"அப்பா. அவ சொன்னது லைஸ்டுங்ஸ்கூர்ஸ் எண்டோ?"

"ஓம். அதுதான்."

"எல்காவின்ர முழுப்பேர் அதுதானப்பா."

யாகோப்பு அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

எல் என்றால் லைஸ்டுங். கா என்றால் கூர்ஸின், அதாவது பாடநெறியின், ஜேர்மன் தலையெழுத்து; கேகாவின் கே அந்த க்ருண்ட். இத்தனை நாளும் தலையெழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடிய அந்தக் கடையில் முழுப்பெயரை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. பிள்ளைகள் சுருக்கித்தான் சொல்வார்கள். கதிர்காமநாதனும் பிள்ளைகளிடம் கேட்டதைத்தான் சொன்னார். அன்ஸ்ப்ருக்கும் அப்படியே. டீச்சர் சொன்னது அன்ஸ்ப்ருக்ஸ்ஃபோல். வால் முளைத்ததும் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம்: கடினமானது, ஆளிடம் நிறைய எதிர்பார்ப்பது. யாகோப்புவின் காது தலையைக் கேட்டதும் கொதித்துவிட்டது, வாலுக்குக் காத்திருக்கவில்லை.

முதலில் சிரித்தவர் கதிர்காமநாதன். மூட்டையிலிருந்து அரிசி சிந்துகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"உங்கட கர்த்தரும் எங்கட பிள்ளையாரும் கூடிக் கதைச்சுச் செய்த வேலை இது. பிள்ளைக்குக் கேகா. புள்ளி நிச்சயம். ஒருத்தரும் ஒருத்தரையும் மறிக்கவுமில்லை, மனம் நோகப் பண்ணவுமில்லை. அப்பிடியே விடுங்கோ."

அதில் நியாயம் இல்லாமலில்லை. பிழையாகத் திறந்த கதவுதான் ஆபத்தில்லாத வழிக்குக் கொண்டுபோய் விட்டிருந்தது.

மெலனி அழுவாள் என்று இமெல்டா எதிர்பார்த்தாள். மெலனி தொலைபேசியை எடுத்தாள். பள்ளிக்கூடத்தோடு பேசினாள், குரல் உயரவில்லை, தகப்பன்மேல் ஒரு பழியும் வைக்கவில்லை, அப்பா வேறுவிதமாக விளங்கிக்கொண்டார் என்று மட்டும் சொன்னாள். வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நாளைக்கு மத்தியானத்தோட பெயர்கள் முடிவாம். அதுக்குப் பிறகு மாத்தேலாது. வேண்டாமெண்டு சொன்னவரே வந்து சொல்லவேணுமாம்."

யாகோப்பு கோட்டைக் கழற்றினார். முதுகிலிருந்த மாவுக் கோட்டைக் கண்டார். அதைத் தட்டிக்கொண்டே, யாருக்கென்று இல்லாமல் கத்தினார்:

"எத்தினை சொல்லு இருக்கு இந்தப் பாஷையில! படிப்புக்கு வைக்க உந்தச் சொல்லே அம்பிட்டது உவைக்கு?"

"பௌதிகத்துக்குள்ளயும் இருக்கப்பா" என்றாள் மெலனி. "செய்த வேலையை எடுத்த நேரத்தால பிரிச்சால் வாறது. அதுக்குப் பேரே லைஸ்டுங்தான்."

"வலு!" என்று கதிர்காமநாதன் மூட்டையிலிருந்து எழுந்தேவிட்டார். "அதைத்தான் நாங்கள் வலு எண்டு படிச்சம்."

"பிச்சைக்கும் வலுவுக்கும் ஒரே சொல்லோ? விசர்ச் சனம்" என்றார் யாகோப்பு. ஆனால் குரல் ஒரு படி இறங்கியிருந்தது. "சரி. அந்த வலு ரெண்டு கூர்ஸிலயும் இருக்குத்தானே? கேகாவில படிச்சால் என்ன குறைஞ்சு போச்சு?"

"கேகாவில சராசரிதானப்பா. மொத்த வேலை, மொத்த நேரம், பிரி. எல்காவில இந்தக் கணத்தில எவ்வளவு, அது எப்பிடி மாறுது எண்டு பாக்கலாம். அதுக்குத்தான் வகையீடு."

"டொக்டருக்கு அது என்னத்துக்கெண்டுதானே நானும் கேக்கிறன்" என்றார் கதிர்காமநாதன்.

"நான் பள்ளிக்கூடத்தால ஆஸ்பத்திரிக்குப் பழகப் போனனானெல்லே மாமா? இருதயப் பகுதியில ஒரு டொக்டர் நிண்டவ. ஒராளின்ர இருதயத்துக்குள்ள அழுத்தம் கோடு கோடா ஏறி இறங்குது திரையில. நான் பக்கத்தில இருந்த இலக்கத்தைப் பாத்தன். அவ அதைப் பாக்கேல்லை. கோடு எவ்வளவு செங்குத்தா ஏறுதெண்டு பாத்தவ. ஏறுற வேகம் குறைஞ்சால் இருதயம் களைச்சுப் போச்சாம். இலக்கம் அதைக் கடைசியிலதான் சொல்லுமாம்." அவள் நிறுத்தினாள். "எனக்கு இலக்கத்தைப் பாக்கிற டொக்டரா வர விருப்பமில்லை."

கதிர்காமநாதன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது.

யாகோப்பு மகளின் மேசைக்குப் பக்கத்தில் வந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "சனம் சொல்லுற விலையை நான் பாக்கிறேல்லை, தெரியுமோ உனக்கு?"

"தெரியும்."

"ஒராள் வந்து ஒரு விலை கேப்பார். அது ஒண்டுமில்லை. அதில இருந்து எவ்வளவு கெதியா ஏறுறார் எண்டுதான் பாப்பன். கெதியா ஏறினால் ஆள் மீனோடதான் வீட்டை போவார். ஏற ஏறச் சுணங்கினால் நான் இறங்கவேணும். இறங்காட்டி ஆள் போயிடும்."

"அதுதானப்பா வகையீடு."

"மெய்யே?"

"மெய்தான்."

"அப்ப இவ்வளவு காலமும் நான் எல்காவோ?" என்றார் யாகோப்பு. கடையில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வியாபாரி சிரித்துக்கொண்டேதான் அடுத்த விலையை வைப்பான்.

"நடுவில ஒண்டும் இல்லையோ பிள்ளை? அரைவாசி எல்கா, அரைவாசி கேகா?"

"இல்லையப்பா. நிர்ணய விலை."

"புள்ளி குறைஞ்சு, டொக்டர் இடம் கிடைக்காட்டி?"

"தாதிப் பயிற்சி செய்துகொண்டு திரும்பத் திரும்ப இடம் கேப்பன். அந்த வேலையும் எனக்குப் பிடிக்கும். ஆனா இதை எடுக்காமல் விட்டால், எடுத்திருந்தால் ஏலுமாயிருந்திருக்குமோ எண்டு ஒரு நாளும் தெரியாமல் போயிடும்."

இமெல்டா அதுவரை வாசலிலேயே நின்றாள். ரோல்ஸ் தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கையிலிருந்த மாவை ஏப்ரனில் துடைத்தாள்.

"நான் ஒண்டு சொல்லட்டே? எனக்கு எல்காவும் தெரியாது, வகையீடும் தெரியாது. உவள் படிக்கேக்க நான் உள்ளுக்க இருந்து பாக்கிறனான். பயோ எண்டால் வாய் முணுமுணுக்கும். டொச் பாஷை எண்டால் பெருமூச்சு. உந்தப் பாடத்துக்கு மட்டும், சாப்பிட வா எண்டு கூப்பிட்டால் கேக்காது. ரெண்டாந்தரமும் கேக்காது."

"அது சரி இமெல்டா. ஆனா—"

"மாதாவுக்கு நேந்திட்டன்."

"என்னெண்டு? நல்ல புள்ளி வரவேணுமெண்டோ?"

"இல்லை. எடுத்ததில நிக்கவேணுமெண்டு."

யாகோப்பு வாள் இயந்திரத்தைத் துடைக்கத் தொடங்கினார். அது துடைத்துச் சுத்தமாக இருந்தது. இமெல்டாவுக்கு அந்தத் துடைப்பு தெரியும்.

"எடுக்கட்டும்" என்றார் கடைசியில், முதுகைக் காட்டியபடியே. "அதில எனக்குத் தடையில்லை. ஆனா இன்னொருக்கா ஒரு டொச்க்காரியின்ர மேசைக்கு முன்னால நிண்டு, லைஸ்டுங் தாங்கோ எண்டு என்ர வாயால... இமெல்டா, நீர் போய்ச் சொல்லும்."

"வேண்டாமெண்டு சொன்னது நானோ?"

"பிள்ளை சொல்லட்டும்."

"அவளும் சொல்லேலாது. ஒருத்தருக்கு மீன் தாறனெண்டு சொன்னால், நீங்கள்தானே குடுக்கிறனீங்கள்? என்னை விட்டோ குடுக்கிறனீங்கள்?" இமெல்டா ஒரு ரோல்ஸை எடுத்துப் புருசனின் கையில் வைத்தாள். "அப்ப கேட்டது வயித்துக்கு. இது அதில்லை. சாப்பிடுங்கோ. ஆறப்போகுது."

வெள்ளிக்கிழமை காலையில் கடை திறக்க முன்னமே கதிர்காமநாதன் வாசலில் நின்றார். உள்ளே வந்து இமெல்டாவிடம் ஒரு ஏப்ரன் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"நான் இப்பவும் கேகா எண்டுதான் சொல்லுவன்" என்றார் யாகோப்புவிடம். "அது வேற கதை. நீர் போயிட்டு வாரும். கடையை நான் பாக்கிறன்."

"மீன் விலை தெரியுமோ அண்ணை?"

"தெரியாது."

"வாற ஆளின்ர முகத்தைப் பாருங்கோ. கெதியா ஏறுதோ, சுணங்குதோ எண்டு."

"விடியக் காலமையே என்னை வகையீடு செய்ய விடுறீர்" என்றார் கதிர்காமநாதன்.

இரவு முழுக்கப் பெய்துவிட்டு வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. ட்ராமில் தகப்பனும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். இன்றைக்குக் கல்யாணக் கோட்டு இல்லை. கடைக்குப் போடுகிற நீல ஜாக்கெட். தேசிக்காயும் தேய்க்கவில்லை. மெலனி அவருடைய உதடுகளைப் பார்த்தாள். ஒரே வசனம் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல்.

"நான் கூட நிண்டு ஏதும் சொல்லவோ அப்பா?"

"நில்லு. ஒண்டும் சொல்லாத."

ப்ரிங்மன் டீச்சரின் அறைக்கு வெளியே இன்னும் இரண்டு தாய்மார் இருந்தார்கள். அவர்களும் இதையே கேட்கத்தான் வந்திருப்பார்கள் என்ற எண்ணம் யாகோப்புவுக்கு வந்திருக்கவேண்டும். அவர்களைப் பார்த்து, சக வியாபாரிக்குச் செய்வது போலத் தலையசைத்தார். அவர்களும் அசைத்தார்கள்.

கதவு திறந்தது.

"ஹெர் யாக்கொப். காலை வணக்கம். இருங்கள்."

மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு ஜேர்மன்காரி. இந்தப் பக்கம் ஒரு கதிரை. யாகோப்பு அதன் பின்னால் கொஞ்ச நேரம் நின்றார். இரண்டு கையும் கதிரையின் முதுகைப் பிடித்திருந்தன; விரல்களில் வாள் இயந்திரம் விட்ட பழைய தழும்புகள். பிறகு கதிரையை இழுத்து, மேசையோடு ஒட்டப் போட்டு, இருந்தார். கடையில் கல்லாவுக்கு முன்னால் இருக்கிற மாதிரி.

"நேற்று வேண்டாம் என்றேன்" என்றார் ஜேர்மனில். ஒவ்வொரு சொல்லாக, ஏலம் கூறுகிறவர்களின் தெளிவோடு. "பிழை என்னுடையது. எங்களுக்கு லைஸ்டுங் வேண்டும்."

டீச்சர் அவரைப் பார்த்தார். பின்னால் நின்ற மெலனியைப் பார்த்தார். மெலனி சுவரில் தொங்கிய ஏதோ படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணைச் சிமிட்டாமல்.

"மிக்க சந்தோசம்" என்றார் டீச்சர், கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டு. "ஆனால் நான் எல்லாப் பெற்றோரிடமும் சொல்கிறதை உங்களிடமும் சொல்லவேண்டும். இந்தக் கூர்ஸ் உண்மையிலேயே அன்ஸ்ப்ருக்ஸ்ஃபோல்."

இந்தத் தடவை யாகோப்பு வால்வரைக்கும் காத்திருந்தார். முழுச் சொல்லையும் கேட்டார். மகளைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய மீசைக்குள் ஒரு சிரிப்பு ஏறத் தொடங்கியது, கெதியாக, செங்குத்தாக.

"அன்ஸ்ப்ருக்தானே?" என்றார். "அது எங்களுக்கு இருக்கிறது."